யானோமாமி வேடர் தாம் வீழ்த்திய விலங்கின் இறைச்சியைத் தாமே உண்பதில்லை என்பது உண்மைதானா?

கரும்பலகை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு அமேசான் மழைக்காட்டைப் பற்றி நான்கு வகுப்புகள் எடுக்க வேண்டியிருக்கிறது. மரங்கள், ஆறுகள், மழையளவு ஆகியவற்றுக்குப் பாடநூலே போதுமானது; ஆனால் அந்தக் காட்டில் வாழும் மக்களைப் பற்றி அதில் இரண்டே வரிகள்தாம் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று "இன்றும் கற்கால வாழ்க்கை வாழ்கின்றனர்" என்று முடிகிறது. அந்த வரியை அப்படியே படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

யானோமாமி மக்களைப் பற்றித் தேடியபோது ஒரு செய்தி என்னை நிறுத்தியது. வேட்டைக்குச் சென்றவர் தாம் வீழ்த்திய விலங்கின் இறைச்சியில் ஒரு துண்டுகூட உண்ண மாட்டார் என்றும், முழுவதையும் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பிறர் கொண்டுவந்ததையே தாம் உண்பார் என்றும் ஓரிடத்தில் படித்தேன். வேறோர் இடத்திலோ இதே மக்களைப் "போர்வெறி கொண்டவர்கள்" என்று எழுதியிருந்தார்கள். இவ்விரண்டும் எப்படி ஒரே மக்களைப் பற்றியவையாக இருக்க முடியும்? இறைச்சியைப் பற்றிய செய்தி உண்மையா, உண்மையானால் அதற்குக் காரணம் என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், அதிலிருந்தே என் முதல் வகுப்பைத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன்.

பனையோலை எழுதியது:

வணக்கம். நீங்கள் படித்த செய்தி உண்மைதான். யானோமாமி மக்கள் பிரேசிலின் ரொரைமா, அமசோனாஸ் மாநிலங்களிலும், எல்லைக்கு அப்பால் வெனிசுவேலாவில் ஒரினோக்கோ ஆறு பிறக்கும் மலைப்பகுதியிலுமாக 35,000-க்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். ஒன்றுக்கொன்று நெருங்கிய ஆறு மொழிகளைப் பேசும் இவர்களிடையே வட்டாரத்துக்கு வட்டாரம் பழக்கவழக்கங்கள் மாறினாலும், வேட்டைப் பொருளைப் பங்கிடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. தான் வீழ்த்தியதைத் தானே உண்பவனின் கைத்திறம் போய்விடும், அவனுடைய அம்பு குறி தவறும், விலங்குகள் அவன் கண்ணில் படாமல் விலகிப் போகும் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே இதனை வெறும் தாராள மனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வேடனாகத் தொடர வேண்டுமானால் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இதில் உள்ளது.

இதை அவர்கள் குடியிருக்கும் வீட்டோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். யானோ அல்லது ஷபோனோ என்று அழைக்கப்படும் அந்த வீடு, பெரிய வட்ட வடிவில் கட்டப்படுவது. பல ஊர்களில் நடுவில் வானம் பார்த்த திறந்த முற்றமும், அதைச் சுற்றிப் பனை வகை இலைகளால் வேய்ந்த சாய்ந்த கூரையும் இருக்கும். ஒரே கூரையின் கீழ் சில இடங்களில் 400 பேர் வரைகூட வாழ்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அடுப்பும், அந்த அடுப்பைச் சுற்றிக் கட்டிய தூளிகளும் உண்டு. இரவு முழுவதும் அந்த நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் இடையே சுவர் என்பது கிடையாது. எந்த அடுப்பில் இறைச்சி வேகிறது, எந்த அடுப்பு வெறுமையாகக் கிடக்கிறது என்பது எதிர்ப்பக்கத்தில் தூளியில் படுத்திருப்பவருக்கும் தெரியும். அத்தகைய வீட்டில் ஒருவர் இறைச்சியை ஒளித்து வைத்துக்கொண்டு உண்ண இயலாது. உண்ண முயல்பவர் கஞ்சர் என்ற பெயரை வாங்குவார். அவர்கள் ஒருவரைக் குறித்துச் சொல்லும் வசைகளுள் அதுதான் மிகக் கடுமையானது. ஒருவர் இறந்தபின் அவருடைய ஆவி மேலுலகுக்குச் செல்லும் வழியில், இடியின் மகன் எதிர்ப்பட்டு, "நீ கொடுத்து வாழ்ந்தாயா, கொடாமல் வாழ்ந்தாயா?" என்று கேட்பதாக அவர்களுடைய கதை ஒன்று உண்டு, கொடாதவர் செல்ல வேண்டிய வழி நெருப்பை நோக்கிப் போகிறது.

இன்னொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வேட்டைதான் அவர்கள் வாழ்வின் மையம் என்று பலரும் எண்ணுகிறார்கள். மதிப்பில் அது முதலிடத்தில் இருப்பது உண்மை. வயிற்றை நிரப்புவதில் அப்படியில்லை. உணவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே வேட்டையால் கிடைக்கிறது. பெரும்பகுதியைத் தருவது தோட்டம்: சமைத்து உண்ணும் வாழை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேம்பு ஆகியவற்றோடு பருத்தியும் புகையிலையும் அங்கே விளைகின்றன. ஆண்கள் மரங்களை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, எரித்து நிலத்தைத் திருத்துவார்கள். அதன்பின் அன்றாடம் தோட்டத்தைப் பார்ப்பதும், கிழங்கு தோண்டுவதும், முதுகில் கூடை நிறைய விறகும் விளைச்சலும் சுமந்து வருவதும் பெரிதும் பெண்களின் உழைப்பு. சில ஆண்டுகளில் மண் களைத்துப் போனதும் வேறிடத்தில் தோட்டம் போட, பழைய இடத்தைக் காடு மெல்ல மூடிக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பழைய தோட்டத்தையும் அவர்கள் மறந்துவிடுவதில்லை. அங்கே முன்பு நட்ட ராஷா என்னும் பனை இனம் தொடர்ந்து காய்த்துக்கொண்டிருக்கும். அதன் அடிமரம் முழுவதும் ஊசி போன்ற முட்கள். கட்டிப்பிடித்து ஏறவே முடியாது. அதற்கு அவர்கள் செய்யும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டிரண்டு கழிகளைப் பெருக்கல் குறி போலக் குறுக்காக வைத்து, மரத்தைச் சுற்றிக் கொடியால் கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சட்டங்கள் செய்துகொள்கிறார்கள். ஏறுபவர் கீழ்ச்சட்டத்தில் நின்றபடி மேல்சட்டத்தைக் கையால் உயர்த்துவார்; அது மரத்தை இறுகப் பற்றியதும், மேலே தம் எடையைத் தாங்கிக்கொண்டு கீழ்ச்சட்டத்தைக் காலால் மேலே இழுத்துக்கொள்வார். முள் ஒன்றுகூட உடலில் படாமல் உச்சி வரை சென்று, குலையை வெட்டிக் கயிற்றில் கட்டி இறக்கிவிடுவார். "கற்காலம்" என்று எழுதிய பாடநூல் ஆசிரியர் அந்தக் கழிச்சட்டத்தை ஒரு முறை பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நதிமூலம் எழுதியது:

பனையோலை அவர்களின் விளக்கம் அருமை. ஆயினும் கேள்வியின் மற்றொரு பாதியை அவர் தொடவில்லை. "போர்வெறி" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால், மாணவர்கள் இணையத்தில் தேடும்போது அதையே முதலில் காண்பார்கள்.

அமெரிக்க மானிடவியலாளர் நெப்போலியன் சாக்னன் 1960-களில் வெனிசுவேலாப் பக்கத்து யானோமாமி ஊர்களில் தங்கி எழுதிய நூல் 1968-இல் வெளிவந்தது. அதில் இவர்களைக் கொடுஞ்சினம் கொண்ட மக்களாக அவர் சித்திரித்தார். அந்நூல் பல பத்தாண்டுகள் பல்கலைக்கழகப் பாடமாக இருந்தது. கொலை செய்த ஆண்களுக்கே மனைவியரும் பிள்ளைகளும் மிகுதி என்று அவர் 1988-இல் எழுதிய கட்டுரை இன்னும் பரவலாகப் பேசப்பட்டது. அவருடைய கணக்கீட்டையும் முடிவையும் அதே மக்களிடையே நெடுங்காலம் பணியாற்றிய வேறு மானிடவியலாளர்கள் கடுமையாக மறுத்தார்கள்.

இங்கே நாம் மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. ஊர்களுக்கிடையே பழிவாங்கும் தாக்குதல்கள் நடந்ததுண்டு. நெஞ்சில் மாறி மாறிக் குத்திக்கொள்ளுதல், தடியால் அடித்துக்கொள்ளுதல் போன்ற முறைப்படியான சண்டைகளும் உண்டு. யானோமாமி மக்களே இதை மறைப்பதில்லை. ஆனால் இச்சண்டைகளுக்குப் பக்கத்திலேயே சமாதானத்துக்கான வழிமுறைகளும் இருக்கின்றன. விருந்தினர் வந்திருக்கும் இரவில், வயமூ என்ற நீண்ட உரையாடலில் இரு ஊராரும் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் சொல்ல மற்றவர் எதிர்ச்சொல் சொல்ல, விடியும் வரை மனத்தாங்கல்களைப் பேசித் தீர்க்கிறார்கள். ஆணையிடும் தலைவர் என்று ஒருவர் அவர்களுக்கு இல்லை. மூத்தவர்கள் விடியற்பொழுதிலோ இரவிலோ உரத்த குரலில் அறிவுரை சொல்வார்கள். கேட்பவர் கேட்கலாம், கேளாதவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

ஒரு சித்திரிப்பு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ஒரு சான்று. 1980-களின் இறுதியில் பிரேசில் அரசு யானோமாமி நிலத்தைத் தொடர்ச்சியற்ற 19 துண்டுகளாக வெட்டிச் சுருக்க முயன்றுகொண்டிருந்தது. கொலையைப் பற்றிய அந்தக் கட்டுரை செய்தித்தாள்களில் பரபரப்பாக வெளியானதும் அதே காலத்தில்தான். இத்தகைய எழுத்து ஒரு மக்களின் நில உரிமைக்குக் கேடாக அமையும் என்று பிரேசில் மானிடவியலாளர் சங்கம் வெளிப்படையாகக் கண்டித்தது. வகுப்பில் "போர்வெறி" என்ற சொல் வந்தால், அதைச் சொன்னவர் யார், எந்தக் காலத்தில் சொன்னார், அதை யார் பயன்படுத்திக்கொண்டார் என்று மாணவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

பனையோலை எழுதியது:

நதிமூலம் அவர்கள் சுட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். கொடுப்பதைப் பற்றி மட்டும் எழுதி, சண்டையை நான் விட்டுவிட்டது சரியன்று. ஒரே ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன்: சண்டைக்கான காரணங்களைப் பேசும்போதும், கேட்டதைக் கொடாமல் விட்டான் என்ற குறை அடிக்கடி எழுகிறது. கொடுப்பதன் மீது அவ்வளவு எடை ஏற்றப்பட்டிருக்கும் சமூகத்தில், மறுப்பதற்கும் அதே அளவு எடை இருக்கத்தான் செய்யும்.

கரும்பலகை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கழிச்சட்டத்தைப் பற்றிய பத்தியை இரண்டு முறை படித்தேன். கரும்பலகையில் வரைந்து காட்டப் போகிறேன். இன்னும் ஒரு ஐயம். இறைச்சியைக் கொடுத்துவிடுகிறார்கள் சரி. வில், தூளி, கத்தி, பானை போன்ற பொருள்கள் யாருக்குச் சொந்தம்? ஒருவர் இறந்தால் அவை பிள்ளைகளுக்குச் செல்லுமா? சொத்து, மரபுரிமை என்ற சொற்களை மாணவர்கள் சமூக அறிவியலில் இப்போதுதான் படிக்கிறார்கள். அவர்கள் நிச்சயம் இதைக் கேட்பார்கள்.

வெண்கலயம் எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது; யானோமாமி மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றுள் என்னை மிக ஆழமாகத் தொட்டது இதுதான்.

வில்லும் தூளியும் அவரவர்க்குச் சொந்தமே. ஆனால் ஒருவர் இறந்தபின் அவை யாருக்கும் செல்வதில்லை. இறந்தவர் பயன்படுத்திய பொருள்களை எரிக்கிறார்கள், உடைக்கிறார்கள், அழிக்கிறார்கள். அவருடைய பெயரை அதன்பின் யாரும் உச்சரிப்பதில்லை. உறவினர் முன்னால் அப்பெயரைச் சொல்வது அவர்களுக்குப் பெரும் நோவையும் சினத்தையும் தரும். உயிரோடு இருப்பவரைக்கூட முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைப்பதில்லை, உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறார்கள். மரபுரிமை என்ற கருத்தைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடக் கூர்மையான எதிர்ச்சான்று கிடைப்பது அரிது.

உடலை எரித்தபின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து, இடித்துப் பொடியாக்கி, சுரைக்குடுக்கையில் சேமித்து வைக்கிறார்கள். பின்னர் ரெயாஹு என்ற பெருவிழா நடக்கும். அதற்காக ஆண்கள் பல நாள் காட்டில் தங்கி வேட்டையாடி, இறைச்சியைப் புகையில் வாட்டிக் கொண்டுவருவார்கள். பிற ஊரார் விருந்தினராக வருவார்கள். வாழைப்பழக் கூழ் பெருமளவில் காய்ச்சப்படும். பல வட்டாரங்களில் நெருங்கிய உறவினர் அந்தச் சாம்பலைக் கூழில் கலந்து அழுதபடியே அருந்துகிறார்கள். வேறு சில வட்டாரங்களில் அதனை அடுப்படியில் புதைக்கிறார்கள். குடுக்கையும் எரிக்கப்படுகிறது. இதை அருவருப்பாகப் பார்க்க வேண்டாம் என்று மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இறந்தவரில் ஒரு துளியும் எஞ்சி அலையாமல், அவர் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும், துயரமும் அத்தோடு அடங்க வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. சாம்பல் தீரும் வரை ஒரு ரெயாஹுவுக்குப் பின் இன்னொரு ரெயாஹு நடத்துவதும் உண்டு.

இதைத் தெரிந்துகொண்டால்தான் பின்வரும் நிகழ்ச்சி எவ்வளவு பாரமானது என்பது புரியும். 1960-களின் இறுதியில் அமெரிக்க மரபணு அறிஞர் ஜேம்ஸ் நீல் தலைமையில் வந்த ஆய்வுக்குழு, நதிமூலம் குறிப்பிட்ட சாக்னனும் உடனிருக்க, யானோமாமி ஊர்களில் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து இரத்தம் எடுத்தது. கத்தி, பானை முதலிய பொருள்கள் அதற்கு ஈடாகத் தரப்பட்டன. அந்த இரத்தம் பல்லாண்டுகள் அமெரிக்க ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் இருந்தது. அது இவ்வாறு காலங்காலமாகச் சேமித்து வைக்கப்படும் என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று யானோமாமி மக்கள் கூறுகிறார்கள். இரத்தம் கொடுத்தவர்களில் பலர் இதற்கிடையே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய வில் எரிக்கப்பட்டது, தூளி எரிக்கப்பட்டது, எலும்புச் சாம்பலும் தீர்க்கப்பட்டது, பெயரும் சொல்லப்படாமல் போயிற்று. இரத்தம் மட்டும் தொலைதூரத்தில் எண் ஒட்டிய குப்பியில் உறைந்து கிடந்தது. உயிரோடு இருந்த உறவினர்களுக்கு இது என்ன வேதனையைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்போது சிறுவராக இருந்தவர்களில் ஒருவர் டாவி கோப்பெனாவா. தோத்தோத்தோபி ஆற்றங்கரையில் வளர்ந்த அவர், வெளியார் வழியாகப் பரவிய தட்டம்மைக்கு 1967-இல் தம் தாயைப் பறிகொடுத்தார். பிற்காலத்தில் ஷாமன் என்னும் காட்டு ஆவிகளோடு பேசும் வைத்தியராகவும், 2004-இல் தோன்றிய ஹுத்துக்காரா யானோமாமி சங்கத்தின் தலைவராகவும் உயர்ந்து, உலக மேடைகளில் தம் மக்களுக்காகப் பேசிவருகிறார். இரத்தத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று அவரும் பிறரும் ஆண்டுக்கணக்கில் வலியுறுத்தினார்கள். பிரேசில் அரசு வழக்கறிஞர்களும் இதில் துணைநின்றார்கள். 2015-இல் 2,000-க்கும் மேற்பட்ட குப்பிகள் திரும்பி வந்தன. தோத்தோத்தோபியில் சடங்கு நடத்தி, அந்த இரத்தத்தைக் காட்டு மண்ணிலேயே சேர்த்தார்கள்.

இவர்களுடைய உடலிலிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது கொஞ்சமன்று. 32 நாடுகளில் உப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டு 1988-இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில், உப்பே சேர்க்காமல் உண்ணும் யானோமாமி மக்களின் சராசரி இரத்த அழுத்தம் 95-க்கு 61 என்ற அளவில்தான் இருந்தது. வயது கூடியபோதும் அது உயரவில்லை. மருத்துவ மாணவர்கள் பலரும் படிக்கும் செய்தி இது. அதைத் தந்தவர்கள் யார், அவர்களுக்கு நாம் என்ன திருப்பித் தந்தோம் என்பது பாடத்தில் வருவதில்லை.

செம்மண் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பொன்னைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லையே என்பதால் எழுதுகிறேன். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை மாணவர்கள் கேட்டால், பதில் இங்கேதான் இருக்கிறது.

1970-களில் பிரேசிலின் இராணுவ அரசு காட்டின் ஊடே வடக்கு வட்டச் சாலையை வெட்டத் தொடங்கியது. சாலைப் பணியாளர்களோடு வந்த தொற்றுநோய்கள் வழியோர ஊர்களைச் சிதைத்தன. அடுத்து 1987 முதல், கரிம்பேரோ எனப்படும் பொன் தோண்டுவோர் சுமார் 40,000 பேர் உள்ளே நுழைந்தார்கள். அப்போது பிரேசில் பக்கத்து யானோமாமி மக்களைவிட அவர்கள் எண்ணிக்கை பல மடங்கு. நோய்க்கும் துப்பாக்கிக்கும் பலியானவர் ஏராளம். கோப்பெனாவாவும், புகைப்படக் கலைஞர் கிளாடியா அந்துஹாரும், வேறு பலரும் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக, 1992 மே மாதம் அதிபர் பெர்னாண்டோ கோலோர் 96,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பைத் தொடர்ச்சியான ஒரே நிலமாக யானோமாமி மக்களுக்கு உறுதிசெய்தார். போர்ச்சுகல் நாட்டைவிடப் பெரிய பரப்பு அது. 19 துண்டுத் திட்டம் அத்தோடு ஒழிந்தது. ஆனால் அடுத்த ஆண்டே, 1993-இல், பொன் தோண்டுவோர் ஹஷிமு என்ற ஊரைச் சேர்ந்த 16 பேரைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். பிரேசில் நீதிமன்றம் அதனை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது.

கோடு போட்டதால் மட்டும் நிலம் காக்கப்பட்டுவிடவில்லை. 2019-க்குப் பிறகு சுமார் 20,000 பேர் மீண்டும் உள்ளே புகுந்தனர். 2023 ஜனவரியில் பிரேசில் அரசு அங்கே பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்தபோது, விலா எலும்பு துருத்திய குழந்தைகளின் படங்களை உலகமே பார்த்தது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் ஐந்து வயதுக்குட்பட்ட 570 குழந்தைகள் இறந்ததாகச் செய்திகள் வெளிவந்தன.

இவ்வளவு வளமான காட்டில் பசி எப்படி வந்தது என்று அப்போது பலர் கேட்டார்கள். பனையோலை அவர்கள் எழுதிய தோட்டத்தையும் வேட்டையையும் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் விடை தெரியும். பொன் தோண்டுவோர் ஆற்றங்கரையைப் பீச்சுநீரால் கரைத்துக் குழியாக்குகிறார்கள். வேலை முடிந்து போனபின் அந்தக் குழிகளில் நீர் தேங்குகிறது. மலேரியாவைப் பரப்பும் கொசு அதில் பெருகுகிறது. ஒரு வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டால், மரம் வெட்டி, காயவிட்டு, எரித்து, நட வேண்டிய பருவம் கடந்துவிடுகிறது. அன்றைக்குப் பசி தெரியாது, பழைய தோட்டம் இருக்கிறது. அடுத்த ஆண்டு, நடாத தோட்டத்தில் வெட்ட வாழைத்தார் இருக்காது. இதற்கிடையே இயந்திர இரைச்சலில் பெக்காரிப் பன்றிகளும் தபீர்களும் அகன்றுவிடுகின்றன. ஆறு சேறாகி மீன் குறைகிறது. இருக்கும் மீனிலும் பாதரசம்: பொன் துகளைத் திரட்ட அதைக் கலந்து, பின் சூடாக்கி ஆவியாக்குகிறார்கள், நீரில் சேர்ந்தது சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், பெருமீனிலிருந்து கருவுற்ற தாய்க்கும் போய்ச் சேர்கிறது. உரரிக்குவேரா, முக்கஜாயி ஆற்றுப்பகுதிகள் இவ்வாறு பெரும் பாதிப்புக்கு உள்ளாயின.

வேடர் தாம் கொன்றதை உண்ணாமல் மற்றவர் கொடுப்பதை உண்ணும் வீட்டில் ஐந்து வேடர்கள் ஒரே வாரத்தில் நோயில் விழுந்தால், அது ஐந்து அடுப்புகளோடு நிற்பதில்லை. வட்டத்தின் ஒவ்வோர் அடுப்பையும் தொடுகிறது. உங்கள் முதல் வகுப்பை இறைச்சியில் தொடங்கினால், நான்காம் வகுப்பை இதில் கொண்டுவந்து நிறுத்தலாம்.

கரும்பலகை எழுதியது:

நான்கு வகுப்புகள் போதாது என்று இப்போது தோன்றுகிறது. பாடநூலின் "கற்கால" வரியை மாணவர்கள் முன் வைத்து, இந்த இழையில் உள்ள செய்திகளைக் கொண்டு அவர்களையே திருத்தி எழுதச் சொல்லப் போகிறேன். கடைசியாக ஒன்று: வெளியுலகத் தொடர்பே இல்லாத யானோமாமி குழுக்கள் இன்னும் இருக்கின்றனவா?

வெண்கலயம் எழுதியது:

இருக்கின்றன. மோஷிஹத்தத்தேமா என்று பிற யானோமாமி மக்களால் அழைக்கப்படும் குழு ஒன்று பிரேசில் பக்கத்து யானோமாமி நிலத்துக்குள்ளேயே தனித்து வாழ்கிறது. 2016-இல் வானிலிருந்து எடுத்த படங்கள் வெளியாயின; வட்டமான ஒரே வீடு, அதைச் சுற்றித் தோட்டம், முற்றத்தில் நின்று மேலே அண்ணாந்து பார்க்கும் சிலர். கூரையின் பிரிவுகளைக் கொண்டு ஏறத்தாழ 100 பேர் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். பொன் தோண்டும் இடங்கள் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. யாரும் அவர்களை நெருங்கக் கூடாது, தோண்டுவோரை மட்டும் வெளியேற்றுங்கள் என்பதே ஹுத்துக்காரா சங்கத்தின் கோரிக்கை. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டுவதாக இருந்தால், முற்றத்தைச் சுற்றியுள்ள கூரையின் பிரிவுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஓர் அடுப்பு இருக்கும்.